பூ ஓவியத்தை வாசிப்பது எப்படி? திருகோணமலை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்காகவும், வீட்டுச் சுவரில் தொங்கும் பூப்படத்தைப் பார்த்து "இது என்ன சொல்லுது?" என்று யோசிக்கும் பெரியவர்களுக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டது. கண்ணால் கண்ட பூவை அப்படியே தீட்டாமல், சுருக்கி, மாற்றி, அலங்காரமாக்கித் தீட்டிய படங்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

மோடிப்படுத்திய பூ என்றால் எது?

பூவின் இயல்பான தோற்றத்தை ஓவியர் தன் ஒழுங்குக்குள் கொண்டுவந்து தீட்டினால் அது மோடிப்படுத்திய பூ. கோயில் விக்கிரகம் நிற்கும் தாமரைப் பீடத்தைக் கவனியுங்கள். மேல் வரிசை இதழ்கள் நிமிர்ந்திருக்கும், கீழ் வரிசை இதழ்கள் கவிழ்ந்திருக்கும், எல்லா இதழும் ஒரே அளவில் இருக்கும். தம்பலகாமத்துப் பக்கம் எந்தக் குளத்திலும் அப்படியொரு தாமரை பூக்காது. ஆனாலும் பார்த்தவுடன் தாமரை என்றுதான் சொல்கிறோம். சேலைக் கரையில் ஓடும் பூவும், வாசலில் போடும் எட்டிதழ்க் கோலமும் இந்த வகைதான்.

பூவை மோடிப்படுத்தும்போது ஓவியர் பெரும்பாலும் நான்கு வேலைகளில் ஒன்றையோ பலவற்றையோ செய்கிறார். சிலவற்றைக் குறைக்கிறார்: நரம்பு, மகரந்தம், மடிப்பு எல்லாம் போய் ஐந்து வளைகோடு மட்டும் மிஞ்சும். ஒன்றைப் பெருப்பிக்கிறார்: செவ்வரத்தையின் நடுத்தண்டு இதழைவிட இரண்டு மடங்கு நீளும். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைக்கிறார். கடைசியாக, தட்டையாக்குகிறார்: ஒளி நிழல் இல்லாமல் ஒரே நிறத்தால் நிரப்பி, புறவரைக் கோட்டால் அடைத்துவிடுகிறார். உங்கள் முன்னால் உள்ள படத்தில் இந்த நான்கில் எவை நடந்திருக்கின்றன என்று சொல்லிவிட்டால் வாசிப்பின் பாதி முடிந்தது. ஓவியர் எடுத்த முடிவுகள் அங்கேதான் இருக்கின்றன.

படத்தின் முன்னால் நின்றதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தள்ளி நில்லுங்கள். படத்தின் மூலைவிட்டத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் நல்ல அளவு. 60 சென்ரிமீற்றர் உயரமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள படத்துக்கு மூலைவிட்டம் 75 சென்ரிமீற்றர், ஆகவே ஒன்றரை மீற்றர் தள்ளி நிற்கலாம். இரண்டு நிமிடம் பேசாமல் பாருங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சின்ன விபரங்கள் மங்கிப்போய், எங்கே இருட்டு எங்கே வெளிச்சம் என்பது மட்டும் நிற்கும். ஓவியர் உங்கள் கண்ணை எங்கே இழுக்கிறார் என்பது அப்போது தெரியும்.

அதன் பிறகு முப்பது சென்ரிமீற்றர் வரை கிட்டப் போய்த் தூரிகைத் தடத்தைப் பாருங்கள். கோடு ஒரே இழுப்பில் வந்ததா, பல தடவை திருத்தி வந்ததா? இதழின் நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறதா, கோட்டுக்குள் அடங்கி நிற்கிறதா? 

இனிக் கொப்பியை எடுத்து, கண்ணில் பட்ட பத்து விடயங்களை எழுதுங்கள். "அழகான", "சோகமான", "மென்மையான" என்ற சொற்கள் வேண்டாம். "மூன்று பூ. இரண்டு மேலே, ஒன்று கீழே. கீழே உள்ள பூவுக்குக் காம்பு இல்லை" என்பதுபோல் எழுதுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பெரும்பாலான வாசிப்புகள் பிழைக்கின்றன. கண் பார்த்து முடிக்கும் முன்னே மனம் ஒரு கதையைக் கட்டிவிடும். அதன்பின் கண் அந்தக் கதைக்கு ஒத்துவருவதை மட்டுமே பொறுக்கும்.

போன் இருந்தால் இன்னும் இரண்டு சோதனை செய்யலாம். படத்தைப் போட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பூ என்ற எண்ணம் விலகி, வடிவங்களின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது துலங்கும். பிறகு அதையே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், ஓவியர் அவற்றை நிறத்தால் மட்டுமே பிரித்திருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட படத்தில் நிறத்துக்கே முதலிடம் கொடுத்து வாசிக்க வேண்டும்.

என்ன பூ என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இதழை எண்ணுங்கள், பிறகு நடுவைப் பாருங்கள், கடைசியாக இலையைப் பாருங்கள். ஓவியர்கள் எவ்வளவு சுருக்கினாலும் இந்த மூன்றில் ஒன்றையாவது விட்டுவைப்பார்கள். ஐந்து இதழோடு நடுவிலிருந்து நீண்ட தண்டு வெளியே வந்தால் பெரும்பாலும் செவ்வரத்தை. ஐந்து இதழ் ஒன்றன்மேல் ஒன்று ஒரே திசையில் சுழன்று படிந்து, நடுவில் எதுவும் நீட்டிக்கொண்டிராவிட்டால் தேமா. விளிம்பில் கூர்முனைகள் உள்ள நீண்ட வெள்ளைக் குழல் என்றால் ஊமத்தை. ஊதா நிறப் புனல்போன்ற பூவும், நடுவில் பிளந்து இரண்டாகத் தெரியும் இலையும், மணலில் ஓடும் கொடியும் என்றால் அடம்பன். நிலாவெளிக் கரையில் காலையில் நடந்தால் காலடியில் பார்க்கலாம்.

மஞ்சள் இதழும் நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டும் கொண்டது பூவரசம்பூ. இது ஒரு நல்ல சான்று தரும் பூ. காலையில் மஞ்சளாக விரிந்து, பொழுது போகப்போகச் சிவந்து வாடும். ஒரே கிளையில் ஓவியர் மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும் வைத்திருந்தால், அது வெறும் நிற அலங்காரமாக இல்லாமல் பொழுது கழிவதைக் காட்டுவதாக இருக்கலாம்.

எதிலும் அடங்காத பூ என்றால் ஓவியரின் கற்பனைப் பூ. அதற்கு வலிந்து பெயர் சூட்ட வேண்டாம். "இனம் காண முடியாத, ஆறிதழ் கொண்ட கற்பனைப் பூ" என்று எழுதுவதே சரியான விபரிப்பு.

தாமரையையும் நீலோற்பலத்தையும் எப்போதும் மாற்றிவிடுகிறோம். வித்தியாசம் என்ன?

இலையைப் பாருங்கள். தாமரை இலை முழு வட்டம், காம்பு அடியில் நடுவில் பிடிக்கும், நீருக்கு மேலே எழுந்து நிற்கும். நீலோற்பலத்தின் இலை நீரில் மிதக்கும், ஒரு பக்கம் ஆழமாகப் பிளந்திருக்கும். பூவின் நடுவில் மேற்பக்கம் தட்டையாகவும் குழி குழியாகவும் உள்ள காய் தெரிந்தால் தாமரை. இதழ்கள் ஒடுங்கிக் கூராக இருந்து, நடு முழுக்க மகரந்தத் தாள்களாக இருந்தால் நீலோற்பலமோ அல்லியோ.

இலங்கையின் தேசிய மலராக 1986இல் அறிவிக்கப்பட்டது நீலோற்பலம். ஆகவே அரச நிகழ்வுச் சுவரொட்டியில் நீலப் பூ இருந்தால் அதைத் தாமரை என்று கொண்டு இலட்சுமியையும் சரசுவதியையும் இழுத்து எழுதினால் வாசிப்பு முழுவதும் வழிதவறிவிடும்.

சிவப்பு காதல், வெள்ளை சமாதானம் என்று எழுதினால் போதாதா?

போதாது. இந்தப் பட்டியல் எங்கிருந்தோ வந்து எல்லாக் கொப்பிகளிலும் ஏறிவிட்டது. அதைத் தமிழ் மரபிலேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள். பழந்தமிழ்ப் புறத்திணையில் தும்பை சின்னஞ்சிறு வெள்ளைப் பூ. இரண்டு படைகள் நேருக்கு நேர் நின்று பொருதும் கடும்போருக்கு வீரர் சூடியது அதைத்தான். பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் சூடியது சிவந்த வெட்சி. வென்றவர் சூடியது வாகை. வெள்ளைப் பூவைக் கண்டவுடன் சமாதானம் என்று எழுதும் கை, தும்பை சூடிய வீரனின் படத்தை என்ன செய்யும்?

அகத்திணையிலும் பூவின் நிறத்தைவிட அது பூக்கும் நிலமே முக்கியம். குறிஞ்சி மலைக்கு, முல்லை காட்டுக்கு, மருதம் வயலுக்கு, நெய்தல் கடற்கரைக்கு. நெய்தல் திணைக்கு உரிய உணர்வு இரங்கல். மூதூர்க் கரையிலோ உப்புவெளியிலோ இருக்கும் ஓவியர் ஒரு பெண்ணின் பக்கத்தில் நெய்தலைத் தீட்டினால், கடலுக்குப் போனவரை எண்ணி வருந்தும் பெண் என்று தமிழ் வாசகர் வாசிக்க இடமுண்டு. அதே பூவைத் தோக்கியோவில் ஒருவர் தீட்டினால் அந்த வாசிப்புக்கு இடமில்லை.

வழிபாட்டு மரபும் இப்படித்தான். ஊமத்தை பலருக்கு நச்சுச் செடி, சிவனுக்கோ உகந்த பூ. தாழம்பூ மணம் மிக்கது, ஆனால் பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன கதையால் சிவ பூசைக்கு ஆகாது. ஒரு படத்தில் இலிங்கத்தின் அருகே தாழம்பூ இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஓவியர் மரபு தெரியாமல் வைத்தாரா, தெரிந்தே வைத்தாரா? படத்தில் வேறு ஏதாவது மரபை மீறி நிற்கிறதா என்று தேடினால் விடைக்குக் கிட்டப் போகலாம்.

குறியீட்டை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருடைய மரபு, எந்த இடம், எந்தக் காலம் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓவியர் நினைத்தது ஒன்று, நாங்கள் வாசிப்பது வேறு என்றால்?

இதற்கு மிகத் தெளிவான வரலாற்று உதாரணம் அமெரிக்க ஓவியர் ஜோர்ஜியா ஓகீஃப். 1932இல் அவர் தீட்டிய ஒரு வெள்ளை ஊமத்தம்பூ ஓவியம் ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர் உயரமும் 102 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. ஒற்றைப் பூ, அருகில் சில இலைகள், பின்னால் நீலமும் பச்சையும். உள்ளங்கை அளவுப் பூ ஒரு பிள்ளையின் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. 2014 நவம்பரில் நியூயோர்க் ஏலத்தில் அது 4 கோடியே 44 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த மிகக் கூடிய விலை அது.

அவருடைய பூக்களில் விமர்சகர்கள் பெண்ணுடலைக் கண்டார்கள். ஓகீஃப் அதை வாழ்நாள் முழுக்க மறுத்தார். பூவைப் பெரிதாக்கித் தீட்டினால்தான் அவசரத்தில் ஓடும் நகரத்து மனிதர் நின்று பார்ப்பார்கள் என்பது அவர் விளக்கம். உங்கள் எண்ணங்களை என் பூவின்மேல் தொங்கவிட்டு, அவை என் எண்ணங்கள் என்பதுபோல் எழுதுகிறீர்கள் என்ற கருத்தை 1939இல் எழுதினார்.

அவர் மறுத்ததால் மற்ற வாசிப்புகள் எல்லாம் செல்லாது என்று சொல்ல முடியாது. ஓவியரின் சொல் ஒரு பலமான சான்று, தீர்ப்பு அல்ல. ஆனால் வித்தியாசத்தைக் காட்டி எழுத வேண்டும். "ஓவியர் இதைச் சொல்ல வந்தார்" என்பது ஒரு கூற்று, அதற்கு அவருடைய எழுத்தோ பேச்சோ வேண்டும். "இந்தப் படம் எனக்கு இப்படித் தோன்றுகிறது, காரணம் இது" என்பது வேறு கூற்று, அதற்குப் படத்திலேயே சான்று வேண்டும். இரண்டையும் கலந்து எழுதும்போதுதான் வாசகர் நம்பிக்கை இழக்கிறார்.

அந்தப் படத்தைத் திருகோணமலையில் இருந்து பார்ப்பவருக்கு ஒரு வசதியும் உண்டு. ஊமத்தை மாலைப் பொழுதில் விரியும் பூ, வெறுங்காணியிலும் வேலியோரத்திலும் வளரும், சிவனுக்குப் போகும். ஓகீஃப்புக்கு அது நியூமெக்சிக்கோவில் வீட்டைச் சுற்றி வளர்ந்த பூ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதலாம், ஒன்றாக்கிவிடக் கூடாது.

போன் திரையில் பார்த்தால் போதாதா?

நிறத்துக்கும் அமைப்புக்கும் ஓரளவு போதும். அளவுக்குப் போதாது. ஓகீஃப்பின் பூ போனில் ஐந்து சென்ரிமீற்றர் ஆகிவிடும், அவர் பெருப்பித்ததன் முழுப் பயனும் அதோடு போய்விடும். பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி 122க்கு 102 சென்ரிமீற்றர் அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் போனைப் பிடியுங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.

ஒரே பூ நான்கு தடவை, ஒரு நிழலும் இல்லை. இதை எப்படி வாசிப்பது?

அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் 1964இல் நியூயோர்க்கில் காட்சிக்கு வைத்த பூக்கள் இந்த வகைக்கு முதலில் நினைவுக்கு வருபவை. அவை எங்கள் முற்றத்துச் செவ்வரத்தையின் இனம். ஒரு புகைப்படச் சஞ்சிகையில் பற்றீசியா கோல்ஃபீல்ட் எடுத்த படத்தை வோர்ஹோல் வெட்டி, நான்கு பூக்களை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டுத்திரை அச்சில் பெருந்தொகையாக எடுத்தார். கோல்ஃபீல்ட் 1966இல் வழக்குப் போட்டார். சதுரப் படம் என்பதால் எந்தப் பக்கம் மேலே வந்தாலும் மாட்டலாம்.

அந்தப் பூவில் நடுத்தண்டின் விபரம் அநேகமாக இல்லை. இதழ் ஒரு தட்டையான நிறப்பரப்பு. அடியில் உள்ள புல் மட்டும் கரடுமுரடாகப் புகைப்படத்தின் சாயலோடு நிற்கிறது. பூவைவிடப் புல்தான் உயிரோடு இருப்பதாகத் தெரியும், அங்கிருந்து வாசிப்பைத் தொடங்கலாம். ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வரும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எல்லாம் ஒரே அச்சா, அல்லது ஒன்று மட்டும் மாறுகிறதா? எல்லாம் ஒன்றென்றால் அந்த ஒருமையே பேச்சு. ஒன்று மாறினால் அதில்தான் ஓவியர் கை வைத்திருக்கிறார்.

நிறம் இயற்கைக்கு மாறாக இருக்கிறது. ஓவியர் வேண்டுமென்று செய்தாரா, நிறம் மங்கிவிட்டதா?

இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், ஏனென்றால் பெரிய பெரிய படங்களிலேயே இந்தச் சிக்கல் உண்டு. வின்சென்ட் வான் கோ 1889 மே மாதம் தீட்டிய ஐரிஸ் பூக்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் அவற்றை ஊதாவாகத் தீட்டினார். நீலத்தோடு கலந்த சிவப்புச் சாயம் ஒளி பட்டு மங்க, நீலம் மட்டும் மிஞ்சியது. 1888இல் ஆர்ல் நகரில் தீட்டிய சூரியகாந்திகளில் அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சளும் காலப்போக்கில் பழுப்பாகும் தன்மையுள்ளது. நீல ஐரிஸைப் பார்த்து "நீலம் அவருடைய தனிமை" என்று எழுதினால், அவர் தீட்டாத நிறத்துக்கு விளக்கம் எழுதுகிறோம்.

வீட்டுப் படத்தில் சோதிப்பது இலகு. பிரேமைக் கழற்றி, பிரேமின் விளிம்பு மூடியிருந்த ஓரத்தைப் பாருங்கள். அந்த அரைச் சென்ரிமீற்றரில் வெளிச்சம் படவில்லை. அங்கே சிவப்பும் வெளியே வெளிர் ரோசாவும் என்றால் படம் மங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றென்றால் ஓவியரின் தெரிவு அதுதான். மலிவான அச்சுப் படங்களிலும் சாயம் சார்ந்த நீர்வர்ணத்திலும் சிவப்பும் ரோசாவும் மஞ்சளும் முந்திப் போகும், நீலம் நிற்கும். சுவரொட்டி ஒன்று முழுக்க நீலம் பாரித்திருந்தால் முதல் சந்தேகம் வெயில்மேல் போக வேண்டும்.

எங்கள் ஊரில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வாடைக்கால மழையில் சுவர் ஈரமாகும்போது கன்வஸின் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்து முன்பக்கத்தில் சாம்பல் புள்ளியாக எழும். புள்ளிகள் பூ, சாடி, பின்னணி என்று எதையும் பாராமல் பரவியிருந்தால் அது பூஞ்சணம். ஓவியர் வைத்த புள்ளி வடிவத்துக்குள் நிற்கும். படத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி வருமாறு பிரேமின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று ஓடும்.

ரியூப் லைட்டின் கீழ் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டாம். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, நேர் வெயில் படாத யன்னல் வெளிச்சம் நல்லது. இரவில்தான் பார்க்க முடியும் என்றால் பெட்டியில் 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு) என்றும் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்றும் போட்ட எல்.ஈ.டி. பல்பைப் போடுங்கள்.

பின்னணியில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததைப் பற்றி என்ன எழுதுவது?

நிறைய எழுதலாம். ஜப்பானிய ஓவியர் ஒகாட்டா கோரின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகளில் ஐரிஸ் பூக்களைத் தீட்டினார். தோக்கியோ நெசு நூதனசாலையில் அவை இருக்கின்றன. பொன்தகட்டுப் பின்னணி, நீலப் பூ, பச்சை இலை, அவ்வளவுதான். தண்ணீர் இல்லை, கரை இல்லை, வானம் இல்லை. பழைய ஜப்பானியக் கதை ஒன்றில் ஐரிஸ் பூத்த சதுப்பில், எட்டுப் பலகைப் பாலத்தருகே பயணி ஒருவர் ஊர் நினைவில் கவிதை சொல்கிறார். அந்தக் கதை தெரிந்தவருக்குப் பூவே போதும். பாலத்தையும் ஆளையும் கோரின் பார்ப்பவரிடம் விட்டுவிட்டார்.

எதிர்ப்பக்கத்தில் 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தரின் பூச்சாடி ஓவியங்கள். இலையில் புழு துளைத்த ஓட்டை, இதழில் நீர்த்துளி, மூலையில் வண்டு எல்லாம் இருக்கும். மிக இயல்பாகத் தெரியும் அந்தச் சாடியில் இளவேனிலில் பூக்கும் பூவும் கோடையில் பூக்கும் பூவும் ஒன்றாக நிற்கின்றன. அப்படியொரு சாடி எந்த வீட்டு மேசையிலும் இருந்திருக்க முடியாது. தனித்தனியாகப் பார்த்து வரைந்தவற்றைச் சேர்த்து அமைத்தார்கள். ஆகவே தோற்றம் இயல்பாக இருப்பதால் மட்டும் ஒரு படத்தை நேரில் கண்டதன் பிரதி என்று முடிவுகட்டக் கூடாது.

கண்டி மரபுச் சுவரோவியங்களில் ஆட்களுக்கிடையே மிதக்கும் பூக்களுக்குப் பொருள் உண்டா?

பெரும்பாலும் வெற்றிடம் விடாமல் நிரப்புவதற்கே. திருகோணமலையிலிருந்து ஏ6 வீதியால் போகும்போது தம்புள்ளைக் குகைகளில் இறங்கிப் பார்க்கலாம். சிவப்புப் பின்னணி வெறுமையாகக் கிடக்காதபடி பூக்கள் தூவியதுபோல் நிற்கும். ஒவ்வொரு பூவுக்கும் தனிப் பொருள் தேட வேண்டாம். புத்தரைச் சூழ்ந்து மேலிருந்து பூ இறங்குவதாக அமைந்த காட்சியில் மட்டும் அதை வணக்கமாக வாசிக்கலாம்.

ஒரு படத்தை முழுதாக வாசித்துக் காட்ட முடியுமா?

ஒரு படத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 60க்கு 45 சென்ரிமீற்றர் நிலைக்குத்துப் படம், அக்ரிலிக். கறுப்புப் பின்னணி. நீல மண்சாடியில் மூன்று சிவப்புச் செவ்வரத்தை. நாலாவது பூ மேசையில் கிடக்கிறது. எல்லாப் பூவுக்கும் நான்கே இதழ். நடுத்தண்டுகள் நீண்டு படத்தின் விளிம்பைத் தொடுகின்றன. எதற்கும் நிழல் இல்லை. மேசை மேலிருந்து பார்ப்பதுபோலவும் சாடி பக்கத்திலிருந்து பார்ப்பதுபோலவும் இருக்கின்றன. கீழே கிடக்கும் பூவின் தண்டு மட்டும் விளிம்பை நோக்கிப் போகாமல் சாடிப் பக்கம் திரும்பியிருக்கிறது.

அவசர வாசிப்பு இப்படி வரும்: "கறுப்பு துக்கம், சிவப்பு இரத்தம், விழுந்த பூ மரணம்." மூன்று சொல்லும் பட்டியலில் இருந்து வந்தவை, படத்தில் இருந்து ஒன்றும் வரவில்லை.

நிதானமாகப் பார்ப்போம். இதழ் நான்காகக் குறைந்தது எல்லாப் பூவுக்கும் பொதுவானது. நிழல் இல்லாததும் பொதுவானது. பொதுவானவை ஓவியரின் பாணி, அவற்றை விழுந்த பூவுக்கு மட்டும் விளக்கமாகச் சொல்லக் கூடாது. விழுந்த பூவில் மட்டும் மாறியது எது? இடமும் தண்டின் திசையும். மாறாதது எது? அளவும் நிறமும். செவ்வரத்தை ஒரு நாளில் வாடும் பூ. விழுந்தது சுருண்டிருக்க வேண்டும், இது சுருளவில்லை. ஆகவே வாடி விழுந்த பூ என்று சொல்லப் படம் இடம் தரவில்லை. சாடியில் உள்ளவை வெளியே பார்க்க, வெளியே உள்ளது சாடியைப் பார்க்கிறது. கூட்டத்திலிருந்து பிரிந்தும் வாடாமல், பிரிந்த இடத்தையே நோக்கி நிற்கும் ஒன்றாக அதை வாசிக்கலாம். இடம்பெயர்ந்த அனுபவம் உள்ள ஊரில் இருக்கும் பார்வையாளர் இதில் தன் கதையைக் காண்பார். அப்படிக் காண்பதற்குப் படத்திலேயே மூன்று சான்று உண்டு: திசை, நிறம், அளவு.

இந்த வாசிப்பைக் கவிழ்க்கக்கூடியது எது என்றும் பாருங்கள். அதே ஓவியரின் வேறு படங்களில் மேசையில் கிடக்கும் பூ எல்லாம் சாடிப் பக்கமே திரும்பியிருந்தால், அது அவருடைய அமைப்புப் பழக்கமாக இருக்கலாம். அப்போது வாசிப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

இருவர் இரண்டு விதமாக வாசித்தால் யார் சொல்வது சரி?

எவருடைய வாசிப்பு படத்தில் உள்ள கூடுதலான விடயங்களை முரண்படாமல் இணைக்கிறதோ, அது பலமான வாசிப்பு. இரண்டு வாசிப்பும் பலமாக நிற்பதும் உண்டு.

விடைத்தாளில் எப்படி எழுதுவது?

முதலில் விபரிப்பு, பிறகு ஓவியர் செய்த மாற்றம், பிறகு அதன் விளைவு, கடைசியாகப் பொருள். நாலு வசனத்தில் ஒரு நல்ல பந்தி வந்துவிடும். "இவ்வோவியம் பார்ப்போர் மனதைக் கவர்கிறது" என்பது எந்தப் படத்துக்கும் பொருந்தும், ஆகவே எந்தப் படத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக: "இதழ்களை ஒரே சிவப்பால் தட்டையாக நிரப்பி, தண்டை மட்டும் மெல்லிய மஞ்சள் கோட்டால் நீட்டியிருப்பதால் பார்வை பூவில் தங்காமல் விளிம்புக்கு ஓடுகிறது." இந்த வசனத்தை வேறு படத்துக்குத் தூக்கிப் போட முடியாது. எழுதிய ஒவ்வொரு வசனத்தையும் இப்படிச் சோதித்து, எங்கும் பொருந்துவதை வெட்டிவிடுங்கள்.

ஓவியரின் வாழ்க்கைக் கதை இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வான் கோ என்றவுடன் காதை அறுத்த கதையில் அரைப் பக்கம் போய்விடுகிறது. கேட்ட கேள்வி சூரியகாந்தியைப் பற்றியது.

இதைப் பழகுவதற்குச் சிறந்த வழி என்ன?

நீங்களே ஒரு பூவை மோடிப்படுத்திப் பாருங்கள். இதைவிட விரைவாகக் கற்றுத்தரும் வழி வேறில்லை. காலையில் ஒரு செவ்வரத்தையைப் பறித்து, ஏ4 தாளில் இருபது நிமிடம் கண்டது கண்டபடி பென்சிலால் வரையுங்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் புறவரையை மட்டும் எடுங்கள். மூன்றாவது தாளில் பன்னிரண்டு கோட்டுக்குள் அதே பூவைக் கொண்டுவாருங்கள். நாலாவதில் ஆறே கோடு. ஒவ்வொரு தாளையும் வீட்டில் ஒருவருக்குக் காட்டி என்ன பூ என்று கேளுங்கள். எந்தக் கோடு போனதும் செவ்வரத்தை என்று சொல்ல முடியாமல் போகிறதோ, அந்தக் கோட்டில்தான் பூவின் அடையாளம் இருக்கிறது. பெரும்பாலும் அது நடுத்தண்டாக இருக்கும். இதழை நான்காக்கினாலும் ஆட்கள் பெயர் சொல்வார்கள், தண்டை எடுத்தால் தடுமாறுவார்கள்.

நான்கு தாளையும் சுவரில் வரிசையாக ஒட்டி, எதை ஏன் விட்டீர்கள் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு தேமா, பூவரசு, அடம்பன், தாமரை என்று மாற்றிச் செய்யலாம். அடம்பனுக்குக் காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். ஊமத்தையை எடுப்பவர்கள் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். செடி முழுக்க நஞ்சு. சாறு பட்ட கையால் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பல மணிநேரம் பார்வை மங்கும், ஆகவே வரைந்து முடித்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.